மழை விடுமுறையில் வீட்டில் என்ன படிப்பது? தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எங்கள் கடலோர மாவட்டத்தில் விடிகாலையிலேயே எல்லார் கையிலும் போன் இருக்கும். மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்த கொஞ்ச நேரத்தில் எனக்கு அழைப்பு வரத் தொடங்கும். "டீச்சர், வீட்ல சும்மாவே இருக்கான், ஏதாவது படிக்கக் கொடுங்க." அரசு தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்துகிற எனக்கு அப்படி வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இங்கே இருக்கின்றன. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கானவை இவை. மழைக்காக இரண்டு நாள் மூடினாலும் சரி, வெயிலால் பள்ளி திறப்பு தள்ளிப்போனாலும் சரி, 2020இல் போல மாதக்கணக்கில் மூடினாலும் சரி, இதையேதான் சொல்வேன்.

இரண்டு நாள் லீவுதானே, கட்டாயம் ஏதாவது படிக்க வைக்க வேண்டுமா?

இரண்டு நாளுக்கு வேண்டாம். பிள்ளை விளையாடட்டும், தூங்கட்டும், மழையை வேடிக்கை பார்க்கட்டும்.

ஆனால் இந்த இரண்டு நாள்கள் சேர்ந்துகொண்டே போகும். அக்டோபரில் இரண்டு, நவம்பரில் நான்கு, டிசம்பரில் ஒரு புயல் என்று பார்த்தால் பருவத்தில் நிறைய நாள் போயிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் பள்ளிகள் தொடர்ந்து மூடிக் கிடந்தன, அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. மூடும்போது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை திரும்பி வரும்போது மூன்றாம் வகுப்பு. எழுத்து கூட்டிப் படிக்கப் பழகும் வயது முழுக்க வீட்டிலேயே கழிந்துவிட்டது. அதன் விளைவை நாங்கள் வகுப்பில் பல வருடம் பார்த்தோம். அதனால், மூன்றாம் நாளிலிருந்து தினமும் கொஞ்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? காலை ஒன்பதரையிலிருந்து நான்கு மணி வரை உட்கார வைக்கிறேன், ஆனாலும் படிப்பு ஏறவில்லை.

தயவுசெய்து அப்படி உட்கார வைக்காதீர்கள். பள்ளியில் ஆறேழு மணி நேரம் இருக்கிறார்கள் என்றால் அதில் பாட்டு, விளையாட்டு, சாப்பாடு, வரிசை, கூட்டாளிகளோடு பேச்சு எல்லாம் உண்டு. வீட்டில் ஒற்றையாளாகப் புத்தகத்தோடு அவ்வளவு நேரம் யாராலும் உட்கார முடியாது.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு இருபது நிமிடமாக இரண்டு முறை. மூன்று முதல் ஐந்து வரை மொத்தமாக ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம், அதையும் இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்து. இது என் மனக்கணக்கு மட்டும் அல்ல. கொரோனா இடைவெளியைச் சரிசெய்ய 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலையில் எடுத்ததும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம்தான். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டதையும் நினைவில் வையுங்கள்.

அந்த நேரத்தில் மூன்று வேலை நடந்தால் போதும்: சத்தம் போட்டு வாசிப்பது, கையால் தொட்டு எண்ணுவது, நடந்ததைச் சொல்லி நாலு வரி எழுதுவது. மீதி எல்லாவற்றையும் பள்ளி திறந்ததும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நானும் வீட்டுக்காரரும் அதிகம் படிக்கவில்லை. நாங்கள் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

இதைக் கேட்கும் அம்மாக்கள் பெரும்பாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. இந்த வயதுப் பிள்ளைக்கு வீட்டில் முதலில் தேவை, காது கொடுத்துக் கேட்கிற ஓர் ஆள்.

பிள்ளை தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கட்டும். நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டே கேளுங்கள். முடித்ததும், "கதையில யாரெல்லாம் வந்தாங்க? அப்புறம் என்ன ஆச்சு? அந்த இடத்துல நீ இருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்று கேளுங்கள். தப்பாக வாசித்தால் நமக்கு எப்படித் தெரியும் என்று கவலைப்பட வேண்டாம். எழுத்தை மட்டும் உச்சரித்துவிட்டுப் போன பிள்ளையால் கதையைத் திருப்பிச் சொல்ல முடியாது. தடுமாறினால், "சரி, இன்னொரு தடவை வாசி, எனக்கும் புரியல" என்று சொன்னால் போதும்.

கணக்கில் உங்களுக்கு எங்களைவிடப் பழக்கம் அதிகம். குழுக் கடன் தவணை, மீன் விலை, பூ விலை எல்லாம் நீங்கள் மனத்திலேயே போடுவதுதானே? அதையே பிள்ளையிடம் கேளுங்கள். "முழம் முப்பது ரூபா, நாலு முழம் வாங்கி இருநூறு ரூபா நோட்டு கொடுத்தா மீதி எவ்வளவு வாங்கணும்?" விடை சரியோ தவறோ, அடுத்ததாக "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்பதுதான் முக்கியம். எண்பது என்று வாயிலிருந்து வருவதைவிட, "மூணு நாலு பன்னிரண்டு, அப்போ நூத்திருபது, இன்னும் எண்பது போட்டா இருநூறு" என்று வழியைச் சொல்ல முடிகிற பிள்ளைக்குத்தான் கணக்கு கைவந்திருக்கிறது.

இன்னொன்றும் செய்யலாம். கஜா புயல் 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. இன்று தொடக்கப்பள்ளியில் இருக்கும் பிள்ளைகளில் பலர் அப்போது பிறக்கவே இல்லை. அந்த ராத்திரி எங்கே இருந்தீர்கள், எந்த மரம் விழுந்தது, எத்தனை நாள் கரண்ட் இல்லை, யார் சாப்பாடு கொடுத்தார்கள் என்று சொல்லுங்கள். பிள்ளை கேட்டு ஐந்து வரி எழுதட்டும். அப்படி எழுதிக் கொண்டு வந்த பக்கங்களை வகுப்பில் வாசிக்கச் சொன்னால் மற்ற பிள்ளைகள் அசையாமல் கேட்பார்கள். எந்தப் பயிற்சித்தாளும் அந்த வேலையைச் செய்யாது.

நான்காம் வகுப்பு படிக்கிறான், இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். எங்கிருந்து ஆரம்பிப்பது?

அவன் நிற்கும் இடத்திலிருந்து. வகுப்பு எதுவாகவும் இருக்கட்டும்.

முதலில் அந்த இடம் எது என்று பாருங்கள். நான்காம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்தாறு சொற்களுக்கு மேல் திணறினால் மூன்றாம் வகுப்புப் புத்தகம், அதிலும் திணறினால் இரண்டு, பிறகு ஒன்று. பக்கத்து வீட்டில் பழைய புத்தகம் இருக்கும். எந்தப் புத்தகத்தைத் திணறாமல் வாசிக்கிறானோ அதிலிருந்து தொடங்குங்கள். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் நாங்கள் வகுப்பிலேயே பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தான் அமர்த்துகிறோம். நான்காம் வகுப்பில் அரும்பு நிலையில் ஒரு பிள்ளை இருப்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல. அதை மறைத்து மேல் வகுப்புப் பாடத்தைத் திணிப்பதுதான் அவனுக்குச் செய்யும் அநியாயம்.

பெரும்பாலான பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் கொம்பு வரும் எழுத்துகள்தாம். கெ, கே, கை, கொ, கோ. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஓசையோ பின்னால் வருகிறது. பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி அட்டைகள் செய்யுங்கள். ஒன்றில் க, ஒன்றில் ஒற்றைக் கொம்பு, ஒன்றில் இரட்டைக் கொம்பு, ஒன்றில் கை எழுத்தின் கொம்பு, ஒன்றில் கால். பிள்ளையே அட்டைகளை நகர்த்தி வைத்து வாசிக்க வேண்டும். அப்புறம் இரட்டைச் சொற்கள்: கல் – கால், எடு – ஏடு, கொடு – கோடு, மலை – மாலை, படம் – பட்டம். ஒரு சொல்லைச் சொன்னால் சரியான அட்டையை எடுக்க வேண்டும், பிறகு அவன் சொல்ல நீங்கள் எடுக்க வேண்டும். நீங்கள் வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாக எடுங்கள், கண்டுபிடித்துக் கூச்சல் போடுவான்.

ல, ள, ழ வேறுபாட்டையும் ர, ற, ந, ன, ண குழப்பத்தையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். சரளமாக வாசிக்கத் தொடங்கிய பிறகு அவை பெரும்பாலும் கண்ணிலேயே பதிந்துவிடும். முதலிலேயே அவற்றில் பிடித்துக்கொண்டு பிள்ளையை வெறுக்க வைத்தவர்கள் உண்டு.

ஒரே சிறுகதையை மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நீங்களோ அக்காவோ வாசிக்க, அவன் விரல் வைத்துத் தொடர வேண்டும். இரண்டாம் நாள் சேர்ந்து வாசிப்பது. மூன்றாம் நாள் அவன் தனியாக. தினம் ஒரு புதுப் பக்கத்தில் திணறுவதைவிட ஒரு பக்கத்தை முழுசாக வென்றுவிடும் பிள்ளைக்கு வேகமாக முன்னேற்றம் வருகிறது.

என் மகள் "மழ வந்துச்சி, தவள கத்துச்சி" என்றே எழுதுகிறாள். திருத்தவா வேண்டாமா?

முதலில் சந்தோஷப்படுங்கள். அவள் மனத்தில் இருப்பதைத் தாளில் இறக்குகிறாள். ஒன்று, இரண்டாம் வகுப்பில் அதுதான் பெரிய வேலை.

பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று என்பது தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் தாண்ட வேண்டிய வாய்க்கால். சிவப்பு மையில் வட்டம் போட்டால் அடுத்த நாள் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்வாள், தப்பு வரக்கூடாது என்ற பயம் வந்துவிடும். அதற்குப் பதில் அவள் எழுதியதன் கீழே நீங்கள் "மழை வந்தது. தவளை கத்தியது." என்று எழுதி, "இது புத்தகத்துல எழுதுற மாதிரி, ரெண்டும் என்ன வித்தியாசம் பாரு" என்று காட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வரி காட்டினால் போதும். மூன்றாம் வகுப்புக்கு மேல் என்றால் அவளையே மாற்றச் சொல்லுங்கள். கதையில் பாட்டி பேசும் இடம் வந்தால் பேச்சுத் தமிழ் அப்படியே இருக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது.

கடன் வாங்கிக் கழித்தல் மட்டும் எத்தனை முறை சொன்னாலும் தப்பு. என்ன செய்யலாம்?

தென்னந்துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி எடுத்து விரல் நீளத்துக்கு உடைத்து, பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். ஐந்து கட்டு, கூடவே ஒரு பிடி உதிரி. கட்டுவதையும் பிள்ளையே செய்ய வேண்டும், ஏனென்றால் பத்து ஒன்றுகள்தான் ஒரு பத்து என்பதை அந்தக் கை அப்போதுதான் தெரிந்துகொள்கிறது.

32இலிருந்து 17 என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் கொடுத்தால் நிறையப் பிள்ளைகள் 25 என்று எழுதுவார்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்றதும் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து போட்டுவிடுகிறார்கள். நோட்டை மூடி வைத்துவிட்டு மூன்று கட்டும் இரண்டு உதிரியும் தரையில் வைக்கச் சொல்லுங்கள். "இதுல இருந்து பதினேழு எடுத்து எனக்குக் கொடு." ஒரு கட்டைத் தூக்கிக் கொடுத்துவிடுவாள். இன்னும் ஏழு வேண்டும், உதிரி இரண்டுதான் இருக்கிறது. இங்கே வாயைத் திறக்காதீர்கள். இதுதான் கற்றுக்கொள்ளும் நேரம், அவசரப்பட்டு நாம் சொல்லிவிட்டால் வீணாகிவிடும். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும், கட்டைப் பார்க்கும், அப்புறம் தயங்கிக்கொண்டே ரப்பர் பேண்டைக் கழற்றும். பன்னிரண்டு உதிரி வந்துவிட்டது. ஏழைக் கொடுத்தால் மீதி ஐந்து, கட்டு ஒன்று, ஆக பதினைந்து.

நாலைந்து கணக்கு இப்படிக் கையால் போட்ட பிறகே நோட்டைத் திறக்க வேண்டும். "3ஐ அடிச்சு 2 போடு" என்று நாம் சொல்வது அந்த ரப்பர் பேண்டைக் கழற்றியதுதான் என்று அவளுக்கே தெரிந்திருக்கும். அடுத்த நாள் 40இலிருந்து 16, அதற்கும் அடுத்து அவளையே சேர்த்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்: 15உம் 17உம் சேர்ந்தால் 32 வருகிறதா?

வாய்ப்பாடு மனப்பாடம் செய்ய வைக்கலாமா?

செய்யலாம், புரிந்த பிறகு. முதலில் 2, 5, 10. பிறகு 3, 4. இவை தெரிந்து, 6 × 4 என்பதும் 4 × 6 என்பதும் ஒன்றுதான் என்றும் தெரிந்துவிட்டால், பத்து வரையிலான வாய்ப்பாட்டில் புதிதாகக் கற்க மீதி இருப்பது பத்தே பத்துதான்: 6 × 6, 6 × 7, 6 × 8, 6 × 9, 7 × 7, 7 × 8, 7 × 9, 8 × 8, 8 × 9, 9 × 9. இந்தப் பத்தை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தெரிந்ததை அவனே அடித்துக்கொண்டே வரட்டும்.

மழையை வைத்தே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். மழை விடுமுறைக்கு நான் முதலில் சொல்வது மழைமானி. செலவில்லாதது, அதில் அறிவியல், கணக்கு, எழுத்து மூன்றும் இருக்கின்றன.

பக்கவாட்டில் வளைவில்லாத இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலை எடுத்து, கழுத்துக்குக் கீழே அது நேராகத் தொடங்கும் இடத்தில் பெரியவர்கள் வெட்டிக் கொடுங்கள். மேல்பாகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே செருகினால் புனல். அடிப்பாகம் மேடு பள்ளமாக இருக்கும், அதனால் கூழாங்கற்கள் போட்டு, பாட்டில் நேராகும் இடம் வரை தண்ணீர் ஊற்றி அங்கே ஒரு கோடு. அதுதான் சுழியம். அந்தக் கோட்டில் சுழியம் வரும்படி ஸ்கேலை வெளியே ஒட்டுங்கள். மொட்டைமாடியில் அல்லது முற்றத்தில், கூரைத் தண்ணீரோ மரத்துச் சொட்டோ விழாத இடத்தில் வைத்து, காற்றில் சாயாமல் சுற்றிலும் செங்கல் அடுக்குங்கள்.

தினமும் காலை எட்டரைக்கு அளக்க வேண்டும். வானிலை ஆய்வு மையமும் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தைத்தான் ஒரு நாள் மழை என்று கணக்கிடுகிறது. பிள்ளை மில்லிமீட்டரில் எழுதட்டும், பிறகு உங்கள் ஊர் மழை அளவு செய்தியில் வந்தால் ஒப்பிடட்டும். டிவியில் செ.மீ. சொல்கிறார்கள், நம்மிடம் மி.மீ. இருக்கிறது, எப்படி மாற்றுவது என்ற கேள்வி தானாக வரும். 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, அதற்கும் மேல் அதி கனமழை என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தால், செய்தி வாசிக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார்கள்.

ஐந்தாம் வகுப்பென்றால் இன்னும் ஒரு படி போகலாம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மி.மீ. மழை என்பது ஒரு லிட்டர் தண்ணீர். மாடி 40 சதுர மீட்டர், மழை 50 மி.மீ. என்றால் விழுந்த தண்ணீர் 2,000 லிட்டர். நம் குடம் எத்தனை லிட்டர், அப்படியானால் எத்தனை குடம்? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. சுவரில் தரையிலிருந்து 95 செ.மீ. அளந்து கோடு போட்டு, பக்கத்தில் ஒன்றாம் வகுப்புத் தம்பியை நிற்கச் சொல்லுங்கள். கிட்டத்தட்டக் கழுத்து உயரம் வரும்.

அளந்ததும் சுழியக் கோட்டுக்கு மேல் இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மழை விட்டால் பாட்டிலையே காலி செய்து கவிழ்த்து வையுங்கள், கொசு முட்டையிடும். இடி மின்னல் இருக்கும்போது மாடிக்குப் போகவே கூடாது. தேங்கிய தண்ணீரிலும் மின்கம்பம் பக்கத்திலும் விடாதீர்கள்.

போனில், டிவியில் பாடம் பார்க்கலாமா?

அளவோடு பார்க்கலாம். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. பாடப்புத்தகத்திலுள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தாலும் காணொளி வரும். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆன்லைன் வகுப்பு ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிடம் வரை இரண்டு அமர்வுக்கு மேல் போகக்கூடாது என்று ஒன்றிய அரசின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொன்னது. தொடக்கப்பள்ளிக்கு அதுவே அதிகம் என்பேன்.

போனை வேறு மாதிரி பயன்படுத்துங்கள். பிள்ளை வாசிப்பதைப் பதிவு செய்து அவளுக்கே போட்டுக் காட்டுங்கள். தன் குரலைக் கேட்டதும் "இன்னொரு தடவை நல்லா படிக்கிறேன்" என்று அவளே கேட்பாள். படிக்கக் கதை இல்லை என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலைவாரியாகத் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன. நான்கு, ஐந்தாம் வகுப்புக்குப் பள்ளிக்கல்வித் துறை ஊஞ்சல் இதழ் கொடுக்கிறது, பழைய இதழ்களைப் பள்ளியில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

நாங்கள் வேலைக்குப் போய்விடுவோம், பாட்டிதான் வீட்டில். அவரால் முடியுமா?

உங்களைவிட நன்றாக முடியும். பல்லாங்குழியில் பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. மொத்தம் எத்தனை என்று எண்ணாமல் சொல்லச் சொல்லலாம். ஊருக்கு ஊர் ஆட்டம் மாறும், உங்கள் பாட்டி ஆடியது எதுவோ அதுவே சரி. எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டிப் பார்க்கப் பழகிய பிள்ளை கணக்கில் அவசரப்படுவதில்லை. தாயம், பரமபதம் இரண்டும் சின்னப் பிள்ளைகளுக்கு எண்களில் ஓட்டம் கொடுக்கும்.

கோலமும் அப்படித்தான். நேர்ப்புள்ளி 5, ஒன்றில் முடிய: 1, 3, 5, 3, 1. மொத்தம் 13. இடைப்புள்ளி 5, மூன்றில் முடிய: 3, 4, 5, 4, 3. மொத்தம் 19. ஏழு புள்ளி வைத்து ஒன்றில் முடித்தால் எத்தனை என்று பிள்ளை முதலில் ஊகித்து, பிறகு வைத்துப் பார்க்கட்டும். பையன்களையும் கூப்பிடுங்கள், அவர்களும் ஆசையாகப் போடுவார்கள்.

இரவில் கரண்ட் போய்விட்டால் விடுகதை. "அள்ளலாம், கிள்ள முடியாது, அது என்ன?" தண்ணீர். பாட்டி சொன்னதைப் பிள்ளை ஒரு நோட்டில் எழுதிச் சேர்த்தால் விடுமுறை முடியும்போது ஒரு தொகுப்பே கையில் இருக்கும்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒன்று இரண்டாம் வகுப்பு, ஒன்று ஐந்தாம் வகுப்பு. தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை.

சேர்த்தே ஆடவிடுங்கள். பெயர், ஊர், பூ, காய், விலங்கு என்று கட்டம் போட்டு ஓர் எழுத்துக்கு எல்லாம் நிரப்பும் ஆட்டம் இருவருக்கும் பொருந்தும், பெரியவளுக்குக் கட்டத்தைக் கூட்டிக்கொள்ளலாம். க, ச, த, ப, ம, வ கொடுங்கள். ழ, ண, ற கொடுத்தால் சொல்லே கிடைக்காது. பெரியவள் சின்னவனுக்குக் கதை வாசித்துக் காட்டலாம், அது இருவருக்குமே படிப்பு. ஆனால் அவளை ஆசிரியராக ஆக்கிவிட்டு நீங்கள் ஒதுங்கிவிட வேண்டாம். அவளும் குழந்தைதான்.

ஆங்கிலம்?

பிஸ்கட் கவர், சோப்பு அட்டை, மருந்துச் சீட்டு, பேருந்துப் பலகை இவற்றில் இருக்கும் சொற்களை வாசிக்கச் சொல்லுங்கள். தினம் ஐந்து போதும். தமிழ் நன்றாக வாசிக்க வந்த பிள்ளைக்கு ஆங்கிலம் சீக்கிரம் வருகிறது, அதனால் நேரம் குறைவென்றால் தமிழுக்கே கொடுங்கள்.

பாடத்தைப் பார்த்து மூன்று முறை எழுதச் சொல்லலாமா?

வேண்டாம். கை வலிக்கும், மனம் எங்கோ இருக்கும். அந்த நேரத்தில் தன் சொந்த வரி நாலு எழுதினால் அதிலிருந்து நிறையக் கற்கலாம்.

உட்காரச் சொன்னாலே அழுகிறாள். அடிக்கவும் மனம் வரவில்லை.

அடிக்கவே வேண்டாம். அழுகைக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: பாடம் அவள் நிலைக்கு மேல் இருக்கிறது, அல்லது நேரம் அதிகம். ஒரு வகுப்பு கீழே இறங்குங்கள், பத்து நிமிடமாகக் குறையுங்கள். எதை முதலில் செய்வது என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் உங்கள் கணக்கு நோட்டையோ செய்தித்தாளையோ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று ஒன்றுமே நடக்கவில்லை என்றால் பாதகமில்லை, இரவு ஒரு கதை சொல்லித் தூங்க வையுங்கள். பள்ளி இல்லாத நாளில் காலை உணவும் மதிய உணவும் பள்ளியில் கிடைப்பதில்லை என்பதையும் பாருங்கள். பசித்த பிள்ளை அடம்தான் பிடிக்கும்.

வீட்டுக்குள் தண்ணீர் வந்து புத்தகம் எல்லாம் நனைந்துவிட்டது. பையன் பயந்து போயிருக்கிறான்.

முதலில் பையனைப் பாருங்கள். வெள்ளம் பார்த்த பிள்ளைகள் மழைச் சத்தம் கேட்டாலே ஒட்டிக்கொள்வார்கள், திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்பார்கள். சலிக்காமல் பதில் சொல்லுங்கள். அவன் பார்த்ததை வரையச் சொல்லுங்கள், வற்புறுத்தாமல். ஒரு வாரத்துக்குப் படிப்புப் பேச்சே வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் திரும்பாவிட்டால் ஆசிரியரிடம் சொல்லுங்கள், 14417 என்ற பள்ளிக்கல்வித் துறை உதவி எண்ணையோ 1098 குழந்தைகள் உதவி எண்ணையோ அழையுங்கள்.

நனைந்த புத்தகத்தை இழுத்துப் பிரிக்காமல், பக்கங்களுக்கு நடுவே செய்தித்தாள் வைத்து, ஃபேன் காற்றில் காய வையுங்கள். முழுக்கப் போய்விட்டது என்றால் தலைமையாசிரியரிடம் உடனே சொல்லுங்கள். வெள்ளத்தில் புத்தகம் இழந்த பிள்ளைகளுக்கு மாற்றுப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள், பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

பள்ளி திறந்ததும் ஆசிரியரிடம் என்ன சொல்ல வேண்டும்?

எந்தப் புத்தகத்தைத் திணறாமல் வாசித்தான், எந்தக் கணக்கில் நின்றுவிட்டான், எதை ஆசையாகச் செய்தான். இந்த மூன்றை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் சரி, வாசலில் வைத்து வாயால் சொன்னாலும் சரி. மழைமானி நோட்டு, விடுகதை நோட்டு இருந்தால் பையில் போட்டு அனுப்புங்கள். விடுமுறையை ஈடுகட்டச் சனிக்கிழமைகளில் பள்ளி வைப்பார்கள், அன்று தவறாமல் அனுப்பிவிடுங்கள். நாங்கள் பின்தங்கிய பிள்ளைகளோடு தனியாக உட்கார்வது பெரும்பாலும் அந்தச் சனிக்கிழமைகளில்தான்.